விளக்கு அணையும் முன்னே

நம் ஊரில் மின்சாரம் நின்றுபோனால் நாம் செய்வது இன்னதென்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் விசிறியைத் தேடுவார். ஒருவர் தீப்பெட்டியைத் தேடுவார். குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். அண்டை வீட்டாரும் வெளியே வந்து, "உங்கள் வீட்டிலும் இல்லையா?" என்று விசாரிப்பார்கள். இல்லை என்று அறிந்ததும் அவர்களுக்கு ஒருவாறு ஆறுதல் உண்டாகும். புயல் வந்த காலத்தில் பல நாள் இருட்டில் கிடந்த அனுபவமும் நமக்கு உண்டு. 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் கஜாப் புயல் வீசியபோது, காவிரி டெல்டாக் கிராமங்கள் பல வாரக் கணக்கில் விளக்கின்றித் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் குளிர் தேசத்தில் விஷயமே வேறு. அங்கே மின்சாரம் நின்றால் வெளிச்சத்தோடு வீட்டின் வெப்பமும் போய்விடுகிறது. பனிக் காலத்து இரவில் வெப்பம் போன வீடு, வயோதிகருக்கும் கைக் குழந்தைக்கும் பிராண அபாயமான இடமாகும்.

'இது சீமை விவகாரம், நமக்கென்ன?' என்று வாசகர்கள் நினைக்க வேண்டியதில்லை. இன்று மகனையோ மகளையோ பிரிட்டனில் குடிவைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ! பேறுகாலத்துக்காகவும், பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகவும், நம் தாய்மார்கள் ஆறு மாதம் அங்கே போய்த் தங்கிவருகிறார்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் மறவாமல் கட்டிக்கொண்டு போகும் அவர்கள், இந்த விஷயத்தையும் அறிந்துகொண்டு போவது நலம் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

நண்பர் கண்ட புயல்

நம் நண்பர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், 2021-ஆம் வருஷக் கடைசியில் தம் மனைவியுடன் இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நவம்பர் 26-ஆம் தேதி இரவு, 'ஆர்வென்' என்று பெயரிடப்பட்ட புயல் அந்தப் பிரதேசத்தைத் தாக்கியது. அத்தேசத்தில் பெருங்காற்று வழக்கமாகத் தென்மேற்கிலிருந்து வீசும். மரங்களும் அதற்கேற்றவாறே வேரூன்றி வளர்ந்திருக்கும். அன்றைக்கோ வடகிழக்கிலிருந்து வீசிற்று. நார்தம்பர்லாந்தில் ஓரிடத்தில் காற்றின் வேகம் மணிக்கு 98 மைல் என்று பதிவாயிற்று. பெரும் பெரும் மரங்கள் மின்சாரக் கம்பிகளின்மேல் சாய்ந்தன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் விளக்கு அணைந்தது. பெரும்பாலோருக்குச் சீக்கிரமே திரும்பிவிட்டதென்றாலும், 40,000-க்கு மேற்பட்ட வீடுகள் மூன்று நாளைக்கு மேலும், சுமார் 4,000 வீடுகள் ஒரு வாரத்துக்கு மேலும் இருட்டிலேயே இருந்தன.

"விளக்கு அணைந்ததை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. நாம் பார்க்காத இருட்டா என்றிருந்தோம்," என்றார் நண்பர். "ஆனால் அரை மணி கழித்து, சுவரோரத்தில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புச் சட்டங்கள் ஆறிப்போய்விட்டன. 'காஸ்தான் வருகிறதே, பாய்லர் ஏன் எரியவில்லை?' என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். 'மாமா, எரிவது காஸானாலும், அதைப் பற்றவைப்பதும் வெந்நீரை இறைத்து ஓட்டுவதும் மின்சாரமல்லவா?' என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று."

தொலைபேசியை எடுத்தால் அதிலும் சத்தமில்லை. கைப்பேசிக்குச் செய்தி கொண்டுவரும் கோபுரமும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. அந்த வீட்டில் எல்லாம் இருந்தன. ஆனால் எல்லாம் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. நண்பர் சொன்னதில் நம் மனத்தில் ஆழப் பதிந்தது இதுவே.

1947-ஆம் வருஷத்துக் குளிர்

பிரிட்டனுக்கு இந்த அனுபவம் புதிதன்று. 1947-ஆம் வருஷத் தொடக்கத்தில் அத்தேசம் கொடிய பனியில் அகப்பட்டுக்கொண்டது. அக்காலத்தில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தே உற்பத்தியாயிற்று. பனி விழுவதற்கு முன்பே மின்நிலையங்களின் கிடங்குகளில் கரி குறைந்திருந்தது. பனி விழுந்த பின்போ, சுரங்க வாயிலில் கரி இருந்தும் அதைக் கொண்டுவரும் ரயில் பாதை மூடிக்கொண்டது. பிப்ரவரி 7-ஆம் தேதி, எரிபொருள் மந்திரி ஷின்வெல் பார்லிமெண்டில் எழுந்து, தேசத்தின் பெரும் பகுதியில் ஆலைகளுக்கு மின்சாரம் இல்லை என்றும், வீடுகளுக்குக் காலை 9 முதல் 12 வரையிலும், பிற்பகல் 2 முதல் 4 வரையிலும் கிடையாது என்றும் அறிவித்தார். வாரப் பத்திரிகைகளை இரண்டு வாரம் அச்சிடக் கூடாதென்றும் தடை வந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு அதைக் கேட்டாலே வயிறு கலங்கும்!

அந்த இருட்டுக்கு நடுவில்தான், பிப்ரவரி 20-ஆம் தேதி, பிரதம மந்திரி அட்லி, 1948 ஜூன் மாதத்துக்குள் இந்தியாவின் ஆட்சிப் பொறுப்பை இந்தியரிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். உலகமெங்கும் கொடி பறக்கவிட்ட சாம்ராஜ்யத்தின் தலைநகரில், அந்த மாதத்தில், இல்லத்தரசிகள் பகலில் அடுப்புக்கும் விளக்குக்கும் மின்சாரமின்றி இருந்தார்கள். இதைச் சொல்வது பிறர் துன்பத்தைக் கண்டு மகிழ்வதற்காக அன்று. கிடங்கை முன்னதாக நிரப்பாதவன், எவ்வளவு பெரிய அரசனானாலும், குளிருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

பின்னர் 1972-லும், 1974-லும் நிலக்கரித் தொழிலாளரின் போராட்டங்களை ஒட்டி அங்கே மின்சாரத் தட்டுப்பாடு நேர்ந்தது. 1974-ஆம் வருஷம் ஜனவரி முதல் மார்ச் வரையில் பல தொழில்களுக்கு வாரத்தில் மூன்று நாளே மின்சாரம் அளிக்கப்பட்டது.

மூன்று மணி நேரக் கணக்கு

2022-ஆம் வருஷத்தில் இந்த அச்சம் மறுபடியும் தலைதூக்கியது. உக்ரேன்மீது ருஷ்யா படையெடுத்ததால் ஐரோப்பாவுக்கு வரும் காஸ் குறைந்தது. பிரான்ஸ் தேசத்து அணு மின்நிலையங்கள் பலவும் பழுது பார்ப்பதற்காக நின்றிருந்தன. அக்டோபர் 6-ஆம் தேதி 'நாஷனல் கிரிட்' நிர்வாகத்தார் வெளியிட்ட அறிக்கையில், காஸும் போதாமல், அயல் தேசத்து மின்சாரமும் வாராமற் போனால், கடுங்குளிர் நாட்களில் மும்மூன்று மணி நேரம் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்த நேரிடலாம் என்று கூறியிருந்தார்கள்.

ஏன் நிறுத்த வேண்டும்? மின்சாரத்தின் தன்மை அப்படி. நெல்லைப்போல் அதைக் குதிரில் கொட்டி வைக்க இயலாது. பெரிய பாட்டரிகளில் சேமிப்பதும் தேசத்தின் தேவைக்கு முன் சிறிதேயாகும். நொடிக்கு நொடி, செலவாகும் அளவு உற்பத்தியாக வேண்டும். செலவு மிஞ்சினால் மின்னோட்டத்தின் துடிப்பு தளர்கிறது, துடிப்பு ஓர் எல்லைக்குக் கீழே போனால் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொள்ளும், தேசமே இருண்டுவிடும். அப்படி நேராதிருக்கவே, சில பகுதிகளைச் சிறிது நேரம் வேண்டுமென்றே இருட்டில் வைக்கிறார்கள்.

இதற்காக அங்கே ஒரு திட்டம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நாள் ஒன்றை மூன்று மணி வீதம் எட்டுப் பங்காகவும், வாரத்தை 56 பங்காகவும் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. எந்த எழுத்துக்கு எந்தப் பங்கில் மின்சாரம் இல்லை என்பதை அட்டவணை காட்டும். கஷ்டத்தை எல்லோரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே இதன் நோக்கம்.

நல்ல வேளையாக, அந்தக் குளிர்காலத்தில் அட்டவணைக்கு வேலை வரவில்லை. அதற்கு ஒரு காரணம் குளிர் அதிகம் நீடிக்காதது. குடும்பத்தாரின் ஒத்துழைப்பும் ஓரளவு உதவிற்று. மாலை வேளையில் துணி துவைக்கும் இயந்திரத்தையும் அடுப்பையும் ஓட்டாமல் நேரத்தை மாற்றிக்கொண்ட வீடுகளுக்குச் சிறு தொகை அளிக்கும் ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. 16 லட்சம் வீடுகளும் வியாபார ஸ்தலங்களும் அதில் சேர்ந்தன. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. எனினும் புயலுக்கும் பனிக்கும் எந்த நிர்வாகமும் உத்தரவு போட முடியாது. ஆகையால் வீட்டு ஏற்பாடு வீட்டார் கையில்தான் இருக்கிறது.

கம்பியில் தொங்குவது எது?

முதற் காரியம், குளிர் வருவதற்கு முன், ஐப்பசி மாதத்திலேயே, ஒரு காகிதமும் பென்சிலுமாக வீட்டைச் சுற்றி வருவதாகும். எது எது மின்சாரமின்றி ஓடாது என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் ஆச்சரியம் உண்டாகும். பாய்லர் ஓடாது. கைப்பேசிக்கு உணவில்லை. இன்டர்நெட் பெட்டி நிற்கும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. ஆதலால் வீட்டில் விளக்கில்லாவிட்டாலும் அது பேசிற்று. இப்போது வரும் புது மாதிரித் தொலைபேசியோ இன்டர்நெட் பெட்டியை நம்பி இருப்பது. பெட்டி நின்றால் அதுவும் ஊமையாகும். அடுக்கு மாடி வீடானால் லிப்ட் நிற்கும். சில கட்டடங்களில் மேல் மாடிக்குத் தண்ணீரும் ஏறாது. கடையில் அட்டை தேய்க்கும் இயந்திரம் நிற்பதால், கையில் ரொக்கம் இல்லாதவர் ரொட்டிகூட வாங்க முடியாது.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்று வழியை எழுத வேண்டும். விளக்குக்கு டார்ச் — ஆளுக்கு ஒன்று, இருட்டில் கைக்கு எட்டும் இடத்தில், உபரிப் பாட்டரிகளுடன். மெழுகுவர்த்தியை நாம் சிபாரிசு செய்வதற்கில்லை. மரமும் விரிப்பும் திரைச்சீலையுமாக உள்ள சீமை வீட்டில் அது நெருப்புக்குத் தூது. செய்திக்குப் பாட்டரியில் ஓடும் சிறு ரேடியோ. கைப்பேசிக்கு முன்கூட்டி நிரப்பிய சேமிப்புப் பாட்டரி. அவசியமான டெலிபோன் எண்களைக் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுதல். முன்பணம் கட்டி மின்சாரம் பெறும் மீட்டர் உள்ள வீடானால், புயல் எச்சரிக்கை வந்தவுடனே பணம் கட்டி வைத்தல்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் நின்றவுடன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பது பெரும்பாலோரின் வழக்கம். திறவாதிருந்தால் அதிலுள்ள பண்டம் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்திருக்கும் உறைபெட்டி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருந்து கெட்டுவிடுமோ என்று பயந்து அதைப் பனிக்கட்டியின்மேல் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. எவ்வளவு நாள் வெளியில் வைக்கலாம் என்பதை வைத்தியரிடம் முன்னமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் அறை போதும்

வெப்பத்தைக் காப்பதில் நம் நண்பரின் மனைவி காட்டிய யோசனை மெச்சத்தக்கது. அந்த அம்மாள் இங்கிலீஷ் அதிகம் அறியாதவர். ஆயினும் முதல் இரவே, "வீடு முழுவதையும் ஏன் காக்க வேண்டும்? ஓர் அறையைக் காத்தால் போதாதா?" என்று கேட்டாராம். தெற்குப் பார்த்த சிறிய அறை ஒன்றில் எல்லோரும் கூடினார்கள். கதவின் அடியில் துணியைச் சுருட்டி வைத்தார்கள். பொழுது சாயும் முன்பே திரைகளை இழுத்து மூடினார்கள். தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் பல அணிந்தார்கள். தலைக்குக் குல்லாயும் காலுக்குக் கம்பளி உறையும் போட்டுக்கொண்டார்கள். காஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடிந்ததால், ரசமும் கஞ்சியும் கொதித்தன. பிளாஸ்குகளில் வெந்நீர் நிரப்பி வைத்தார்கள்.

ரப்பர் வெந்நீர்ப் பை இவ்வேளையில் உத்தமமான துணை. ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. பழைய பையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணி உறையின்றி உடம்பில் வைக்கக் கூடாது.

வாசனையில்லாத எமன்

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை. குளிர் பொறுக்காதபோது நம்மவர் மனத்தில் முதலில் தோன்றுவது கும்பட்டி அடுப்பு. 'தோட்டத்தில் கரியடுப்பு இருக்கிறதே, உள்ளே கொண்டுவந்தால் என்ன?' என்று எண்ணத் தோன்றும். முற்றமும் ஓட்டுக் கூரையும் உள்ள நம் பழைய வீடுகளில் கரியின் நச்சு வாயு கலைந்து போக வழியிருந்தது. சீமை வீடோ குளிர் புகாதபடி இறுக மூடியது. கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, மயக்கம், தூக்கம் என்று தொடங்கும், தூங்கியவர் எழுந்திருப்பதில்லை.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2021-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் கடும்பனி விழுந்தது. அங்கும் சிறிது சிறிது நேரம் முறைவைத்து நிறுத்துவதாகத்தான் திட்டம். ஆனால் உற்பத்தி அவ்வளவு குறைந்துபோனதால், முறை மாறவேயில்லை. லட்சக் கணக்கான வீடுகள் நாட்கணக்கில் இருண்டன. அந்த ராஜ்யத்துச் சுகாதார இலாகாவின் கணக்குப்படி மாண்டவர் 246 பேர். அவர்களில் 161 பேர் குளிரின் கொடுமையால் இறந்தவர்கள். 19 பேர் இந்த விஷ வாயுவால் இறந்தவர்கள். ஆகையால் கரியடுப்பு, மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ ஓடும் ஜெனரேட்டர், ஷெட்டுக்குள் நின்றபடி ஓடும் மோட்டார் கார் — இவை எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். காஸ் அடுப்பில் சமைக்கலாம். அறையைச் சூடாக்க அதை எரியவிடக் கூடாது. விஷ வாயுவைக் கண்டு மணி அடிக்கும் பாட்டரிக் கருவி ஒன்று, வீட்டிலுள்ள எல்லா ஏற்பாட்டிலும் முதன்மையானது.

பெயரைப் பதிவு செய்யுங்கள்

பிரிட்டனில் மின்விநியோகக் கம்பெனிகள் 'முன்னுரிமைப் பட்டியல்' ஒன்று வைத்திருக்கின்றன. அதில் சேரக் காசில்லை. ஓய்வூதிய வயது எட்டியவர், கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டார், நோயாளிகள், மூச்சுக்கும் சிகிச்சைக்கும் மின் கருவியை நம்பியிருப்பவர் முதலியோர் பெயரைப் பதிந்துகொள்ளலாம். இங்கிலீஷ் சரிவரத் தெரியாதவர்களும் சேரலாம் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஊரிலிருந்து போய்த் தங்கும் தாய் தந்தையரின் பொருட்டு இதைச் செய்யாத பிள்ளைகள் எத்தனை பேரோ! பட்டியலில் உள்ளவர்க்கு முன்னறிவிப்பும் உதவியும் கிடைக்கும். ஆனால் அவர்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரியும் என்று அர்த்தமில்லை. கருவியை நம்பி உயிர் வாழ்பவர்க்கு மாற்றுப் பாட்டரி என்ன, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை மருத்துவரோடு முன்னமே முடிவு செய்துவிட வேண்டும். மின்சாரம் நின்றால் தெரிவிப்பதற்கு 105 என்ற இலவச எண் இருக்கிறது. இதையும் கதவில் ஒட்டும் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த வீட்டுத் திரை

நண்பரின் கதையில் ஒரு பகுதி பாக்கியிருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் அவருடைய மனைவி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் எட்டு மணிக்குத் திரையை விலக்குவார்களே? மணி பத்தாகிறதே?" என்றாராம். "உறங்குவார்கள், தொந்தரவு செய்யலாமா?" என்று நண்பர் தயங்கினார். அந்த அம்மாள் தயங்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. அடுத்த தெருவில் இருந்தவரிடம் சாவி வாங்கித் திறந்து பார்த்தபோது, கிழவி நாற்காலியில் சாய்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. நடுக்கம்கூட இல்லை. பேச்சுக் குழறிற்று, யார் வந்திருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை.

நடுக்கம் நின்றுபோவதும், பேச்சுக் குழறுவதும், நினைவு தடுமாறுவதும் குளிர் உள்ளே இறங்கிவிட்டதற்கு அடையாளங்கள். அப்போது கைகால்களைத் தேய்க்கக் கூடாது. மது கொடுக்கக் கூடாது. உலர்ந்த கம்பளியால் தலை முதல் கால் வரை போர்த்தி, உடனே வைத்தியரை நாட வேண்டும். மாப்பிள்ளை காரை எடுத்தார். கிழவி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்து பிழைத்து வந்தார். "இன்னும் ஓர் இரவு தாங்கியிருக்க மாட்டார்," என்று டாக்டர் சொன்னாராம்.

உக்ரேன் தேசத்தில் 2022-ஆம் வருஷம் அக்டோபர் முதல் மின்நிலையங்களின்மேல் குண்டுகள் விழுந்து, குளிர்காலம் முழுவதும் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. தலைநகரான கீவில், அடுக்கு மாடி வீடுகளில் குடியிருந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். லிப்டினுள் ஒரு பெட்டியில் தண்ணீரும் பிஸ்கோத்தும் டார்ச்சும் வைத்தார்கள். நடுவழியில் யார் அகப்பட்டுக்கொள்வாரோ தெரியாது. யாரானாலும் அவருக்கு அது உதவட்டும் என்பதே எண்ணம்.

வீட்டு ஏற்பாட்டுக்கு எழுதும் அந்தக் காகிதத்தின் கடைசி வரியாக, பக்கத்து வீட்டில் தனியே இருப்பவர் யார், அவருடைய சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதிவைக்கும்படி நம் வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம். டார்ச்சும் கம்பளியும் கடையில் கிடைக்கும். திரை விலகவில்லையே என்று கவனிக்கும் கண் கடையில் கிடைப்பதில்லை. 'உங்கள் வீட்டிலும் இல்லையா?' என்று வாசலில் நின்று விசாரிக்கும் நம் ஊர் வழக்கத்தை, சீமைக்குப் போகிறவர்கள் ஊறுகாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகட்டும்.